அம்மாவின் மருந்துப் பையும் ஹாலே டொக்டரின் றெசெப்ட்டும்

"வீட்டில இருக்கிற மருந்துப் பெட்டி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அடுத்த முறை கொண்டு வாங்கோ." ஹாலேயில் எங்கள் குடும்ப வைத்தியர் இப்படிச் சொல்லி இரண்டு கிழமையாக நான் அந்தப் பையைக் கொண்டு போகவில்லை. வேலை, மகனின் பள்ளிக்கூடம், மழை என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. மூன்றாவது கிழமை, திங்கட்கிழமை விடியக்காலையில், அம்மா குசினி வாசலில் விழுந்து கிடந்தா.

நல்ல காலம், எலும்பு ஒன்றும் முறியவில்லை. பிறஷர் கூடித்தான் விழுந்திட்டா என்று நான் பதறினேன். அம்புலன்ஸில் வந்த பெடியன் அளந்து பார்த்தபோது மேல் அளவே 90க்குக் கீழே நின்றது. கூடினதில்லை, குறைஞ்சது. ஆஸ்பத்திரியில் என்னென்ன மருந்து எடுக்கிறா என்று கேட்டார்கள். கையில் இருந்த மருந்துத் திட்டத் தாளைக் காட்டினேன். அந்தத் தாளின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். அம்லோடிபின் என்ற பிறஷர் குளிசை மூன்று பெயரில், மூன்று நிறப் பெட்டியில் இருந்தது. ஒன்று ஹம் நகரத்துப் பழைய டொக்டர் எழுதியது. இரண்டாவது ஹாலே டொக்டர் எழுதியது. மூன்றாவது, கொழும்பில் இருந்து சித்தி கொண்டுவந்து குடுத்த மட்டை.

"அது பழைய டொக்டர் தந்தது, இது புது டொக்டர் தந்தது. ரெண்டு பேரும் தந்ததெல்லோ பிள்ளை? ரெண்டையும் தான் போட்டனான்" என்றா அம்மா. அப்ப கொழும்பு மட்டை? "தலைச்சுத்து வந்தா பிறஷர் கூடிட்டுது எண்டு அதில ஒண்டு போடுவன்."

5 மில்லிகிராம் எடுக்க வேண்டிய ஆள் பல கிழமையாக 10 எடுத்திருக்கிறா, சில நாள் 15. பிறஷர் குறைந்து தலை சுற்ற, அதைப் பிறஷர் கூடினதாக நினைத்து இன்னொன்றும் போட்டிருக்கிறா.

அதற்கு முன் நாங்கள் டொக்டரிடம் போனதே அம்மாவின் கால் வீக்கத்துக்குத்தான். கணுக்கால் இரண்டும் இடியப்ப மாக் குழைத்து வைத்த மாதிரி. அம்லோடிபின் அளவு கூடக் கூட இப்படிக் கால் வீங்கலாம் என்பது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. நான் எதிர்பார்த்துப் போனது தண்ணிக் குளிசை. எத்தனையோ வயது போனவர்களுக்கு நடப்பதும் அதுதான். ஒரு குளிசையால் வந்த வீக்கத்துக்கு இன்னொரு குளிசை, அது உடம்பில் உப்பைக் குழப்ப அதற்கும் ஒன்று. இந்த டொக்டர் ஒன்றும் எழுதாமல் பையைக் கொண்டு வரச் சொன்னா. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ட்ராமில் அம்மா சொன்னது: "இவ ஒண்டும் தரமாட்டா. ஹம்மில எண்டா கேட்டதெல்லாம் எழுதித் தருவார்."

அம்மாவும் அப்பாவும் 30 வருடத்துக்கு மேல் ஹம்மில், காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் வாழ்ந்தவர்கள். அப்பா போன பிறகு அம்மாவை எங்களோடு இங்கே கூட்டி வந்தோம். இடம் மாறினதோடு கிராங்கன்காஸவும் மாறியது. அந்த மாற்றம்தான் அலுமாரிக்குள் இரண்டாவது நிறப் பெட்டியைக் கொண்டு வந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் பத்து வயதில் இருந்து இந்த நாட்டில் அப்பா அம்மாவுக்கு டொக்டரிடம் மொழிபெயர்த்தவள். இதை வாசிக்கிற பலர் அந்த வேலையைச் செய்திருப்பீர்கள். நாங்கள் டொக்டர் சொன்னதைச் சொன்னோம், அம்மா சொன்னதைச் சொன்னோம். பெட்டியில் எழுதியிருந்ததை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் வாசிக்கவில்லை.

நடந்தது இதுதான். 2007 ஏப்ரலில் இருந்து ஜேர்மனியில் ஒரு சட்டம் முழு வேகத்தில் நடைமுறையில் இருக்கிறது. காப்புறுதி நிறுவனங்கள் மருந்துக் கம்பனிகளோடு விலைக்கழிவு ஒப்பந்தம் போடுகின்றன. ரபாட்பெர்ட்ராக் என்று சொல்வார்கள். டொக்டர் எந்தக் கம்பனியின் பெயரை எழுதினாலும், மருந்துக்கடைக்காரர் கணினியில் பார்த்து, உங்கள் கிராங்கன்காஸ எந்தக் கம்பனியோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறதோ அந்தப் பெட்டியைத் தான் தர வேண்டும். மருந்துப் பொருள், அளவு, பெட்டியின் கணக்கு எல்லாம் ஒன்று. பெயரும் நிறமும் குளிசையின் வடிவமும் வேறு. ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பனி வந்தால் திரும்பவும் மாறும். கடையில் தட்டுப்பாடு வந்தாலும் மாறும். எங்கள் படிக்கட்டில் மேல் வீட்டில் இருக்கும் ஜேர்மன் அம்மாவுக்கே இது குழப்பம். அவ பழைய காலத்துக் கிழக்கு ஜேர்மனிக்காரி. அந்தக் காலத்தில் றெசெப்ட்டுக்குக் காசும் இல்லை, குளிசையின் நிறமும் மாறாது என்று மாடிப்படியில் நின்று பெருமூச்சு விடுவா.

ஜேர்மன் எழுத்தைக் கூட்டி வாசிக்கக் கஷ்டப்படுகிற எங்கட ஆட்களின் கதை இன்னும் மோசம். அவர்கள் பெட்டியை நிறத்தால் அடையாளம் வைப்பவர்கள். அம்மா மெற்போமினில் பிழை விடவில்லை, ஏனென்றால் அது பெரிய குளிசை, எங்கே கண்டாலும் தெரியும். சின்ன வெள்ளைக் குளிசைகளில் தான் தடுமாற்றம்.

இதற்கு வழியே இல்லை என்றில்லை. றெசெப்ட்டில் 'அவுட் ஈடெம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. டொக்டர் அதில் குறுக்குக் கோடு போட்டால் கடையில் மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் போட மாட்டார்கள், மருத்துவக் காரணம் வேண்டும். தைரோய்ட் குளிசை லெவோதைரொக்சின், உறுப்பு மாற்றினவர்களுக்குக் குடுக்கும் சில மருந்துகள் போன்றவை மாற்றவே கூடாது என்ற பட்டியலில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு அதிகாரம் இருக்கிறது. இந்த ஆளுக்குப் பெட்டி மாறினால் ஆபத்து என்று அவர் கருதினால், அதைப் பதிவு செய்துவிட்டு மாற்றாமல் குடுக்கலாம். இதை நாங்களே வாய் திறந்து கேட்க வேண்டும். நான் கேட்டேன். கடையில் நின்ற பெண் முகத்தைச் சுழிக்கவில்லை, கேள்வி கேட்டு எழுதிக்கொண்டா.

மருந்துத் திட்டத்தையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். மூன்று மருந்தோ அதற்கு மேலோ நெடுக எடுக்கிறவர்கள் அந்தத் தாளை டொக்டரிடம் கேட்டு வாங்க 2016 ஒக்டோபரில் இருந்து உரிமை உண்டு. அதில் முதல் நிரலில் இருப்பது மருந்துப் பொருளின் பெயர், கம்பனி வைத்த பெயர் இரண்டாவது. முதல் நிரலில் உள்ள பெயரைப் பெட்டியிலும் தேடிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். நான் இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் தடித்த பேனையால் தமிழில் எழுதி வைக்கிறேன்: "பிறஷர் 1 – காலமை", "கொழுப்பு – இரவு". ஐந்து மருந்தோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்கு 2022இல் இருந்து மருந்துக்கடையிலேயே முழுப் பையையும் பார்த்து ஆலோசனை சொல்லும் சேவையும் இருக்கிறது. செலவு கிராங்கன்காஸவோடு, எங்களுக்கு இலவசம். அம்மாவின் பையை அங்கே கொண்டு போனபோது காலாவதியான நாலு பெட்டியும் அப்பாவின் இருமல் மருந்தும் வந்தன.

அம்மாவுக்கு இன்னொரு சந்தேகம். "மலிவுக் கம்பனி மருந்து தாறாங்கள். காசை மிச்சம் பிடிக்கிறாங்கள்." காசை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது சரி. மருந்து தரம் குறைந்தது என்பது சரியில்லை. இதை அம்மாவுக்குச் சொல்ல நான் ஜேர்மனியை உதாரணம் காட்டவில்லை. இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயைச் சொன்னேன். 1971இல் அவரும் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் குடுத்த அறிக்கையின் அடிப்படையில் இலங்கையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிப் பெயரில் ஆயிரம் மருந்து இறக்காமல், தேவையானதை மட்டும் மருந்துப் பொருளின் பெயரில் கேள்விப்பத்திரம் போட்டு மலிவாக வாங்குவோம் என்றார் அவர். பெரிய கம்பனிகள் அதை விரும்பவில்லை. 1977இல் கயானாவில் இருந்தபோது அவர் இறந்தார். இன்று ஹாலேயின் மருந்துக்கடைக் கணினி செய்கிற வேலையின் அடிப்படை, அம்மா முப்பது வயதுக்கு முன் யாழ்ப்பாணத்து அரச ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கின காகிதப் பை மருந்துக்குப் பின்னால் இருந்த அதே யோசனை. "அந்த மருந்துக்கு எனக்குச் சுகம் வந்தது தான்" என்று அம்மா ஒத்துக்கொண்டா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

விலை கூடியது தான் நல்ல மருந்து என்ற நம்பிக்கைக்கு ஹாலேயும் ஒரு காலத்தில் பெரிய சந்தையாக இருந்தது. ட்ராம் பிராங்கே பிளாட்ஸில் நிற்கும்போது ஒரு நீளமான பழைய கட்டடத் தொகுதி தெரியும். அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1698இல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம். அந்த இல்லத்துக்குச் சொந்தமாக ஒரு மருந்துக்கடை இருந்தது. அங்கே கிறிஸ்டியன் பிரீட்ரிக் ரிக்டர் என்ற வைத்தியர் தங்கத்தில் செய்ததாகச் சொன்ன 'எசென்சியா டூல்சிஸ்' என்ற துளிமருந்தைத் தயாரித்தார். கடல் கடந்தும் விற்றது. அந்த வருமானம் அனாதைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போனது. மறுபக்கம், 1717 அளவில் இருந்து யோஹான் யுங்கர் என்ற வைத்தியர் அதே இடத்தில் ஏழைகளை இலவசமாகப் பார்த்து மருந்தும் குடுத்தார், மாணவர்களுக்கு நோயாளியின் பக்கத்தில் வைத்தே படிப்பித்தார்.

எங்களுக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு உண்டு. ஹாலேயில் படித்த சீகன்பால்க் 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் போய் இறங்கினார். ஹாலே மருந்துப் பெட்டிகள் அங்கே போயின. அங்கிருந்து தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கே வந்தன, இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன. அவரோடு வேலை செய்த கிருண்ட்லர், தமிழ் வைத்தியர்கள் எப்படி நோய் பார்க்கிறார்கள், என்ன மருந்து குடுக்கிறார்கள் என்று எழுதி 1711இல் ஹாலேக்கு அனுப்பினார். இதையெல்லாம் சொன்னபோது அம்மா கேட்டா: "அப்ப இவங்களுக்கு எங்கட வருத்தம் 300 வருஷமாத் தெரியும். பிறகேன் ஒரு அன்டிபயோற்றிக் தரத் தயங்கிறாங்கள்?"

அது எங்கட சனத்தின் பொது முறைப்பாடு. காய்ச்சலோடு போனால் தேத்தண்ணி குடி, படுத்து எழும்பு என்று அனுப்புகிறார்கள். ஊரில் என்றால் மூன்று நிறத்தில் குளிசை கட்டித் தருவார்கள். ஊரில் தனியார் டொக்டர் தானே மருந்தும் விற்பார், பார்க்கிற காசும் மருந்துக் காசும் ஒன்றாகவே போகும். இங்கே டொக்டர் மருந்து விற்க முடியாது, எழுதுவதால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரீட்ரிக் வைத்தியரையும் மருந்துக்காரரையும் பிரித்து வைத்த சட்டத்தின் தொடர்ச்சி இது. சளிக்காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ், அதற்கு அன்டிபயோற்றிக் வேலை செய்யாது. ஜேர்மனிக்குள்ளேயே கிழக்கு மாநிலங்களில் அன்டிபயோற்றிக் எழுதுவது மேற்கைவிடக் குறைவு. ஹம்மில் இருந்து ஹாலேக்கு வந்த அம்மா அந்த வித்தியாசத்தை ஒரு பனிக்காலத்திலேயே கண்டுபிடித்து விட்டா. அதற்கு அவ வைத்த பெயர் தான் வேறு: கஞ்சத்தனம்.

கஞ்சத்தனம் என்பதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. காப்புறுதியில் எழுதும் மருந்து போதுமானதாகவும் பொருத்தமானதாகவும் சிக்கனமானதாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1993இல் மருந்துக்கு மொத்த பட்ஜெட் போட்டு, மீறினால் டொக்டர்கள் கூட்டாகப் பொறுப்பு என்றார்கள். அது 2001இல் எடுபட்டது. இப்போதும் ஒரு பிறாக்ஸிஸ் மற்றவர்களைவிட மிக அதிகமாக எழுதினால் கணக்குப் பார்ப்பார்கள். முதலில் ஆலோசனை, அதற்குப் பிறகும் திருந்தாவிட்டால் காசு திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். சாக்சன்-அன்ஹால்ட் சராசரி வயது மிகக் கூடிய மாநிலம். இங்கே ஒரு டொக்டரின் காத்திருக்கும் அறையில் பாதிப் பேர் அம்மாவின் வயது. அந்தப் பயம் அவர்களுக்கு இருக்கும்.

ஆனால் "உங்கட பட்ஜெட் இந்தக் காலாண்டு முடிஞ்சுது" என்று எந்த நோயாளிக்கும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கே இல்லை. தேவையான மருந்தைத் தந்தே ஆக வேண்டும். அம்மாவின் பழைய பிறஷர்க் குளிசைகளால் யாரும் வங்குரோத்து ஆவதில்லை. காப்புறுதிகள் வருடத்துக்கு மருந்துக்கு 50 பில்லியன் யூரோவுக்கு மேல் செலவழிக்கின்றன. அதில் ஏறக்குறைய பாதி காப்புரிமை உள்ள புது மருந்துகளுக்குப் போகிறது. அவற்றை எடுப்பவர்கள் கொஞ்சப் பேர்.

பரசெற்றமோல், இருமல் பாணி, விற்றமின் எல்லாம் 2004இல் இருந்து பெரியவர்களுக்குக் காப்புறுதியில் இல்லை. டொக்டர் பச்சைத் தாளில் எழுதித் தருவது ஒரு ஆலோசனை மட்டும், காசு எங்கட. 12 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு எழுதலாம்.

காசுக் கதைக்கு வருவோம். அம்மா ஒரு பிஸ்கற் ரின்னில் மருந்துக்கடைத் துண்டுகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தா. மருந்து விலையில் 10 வீதம் நாங்கள் கட்ட வேண்டும், ஆனால் ஒரு பெட்டிக்கு 5 யூரோவுக்குக் குறையாமலும் 10 யூரோவுக்குக் கூடாமலும். அதாவது மலிவு மருந்துக்கு 50 குளிசைப் பெட்டிக்கும் 5 யூரோ, 100 குளிசைப் பெட்டிக்கும் 5 யூரோ. அம்மாவோ ஹம்மில் டொக்டரிடம் கேட்டுச் சின்னப் பெட்டியாக எழுதுவித்திருக்கிறா. "பெரிய பெட்டிக்குக் காசு கூட எடுப்பாங்கள் எண்டு நினைச்சன்." 6 மருந்து, வருடத்துக்கு 7 தரம், ஒவ்வொன்றும் 5 யூரோ: 210 யூரோ. பெரிய பெட்டியாக 4 தரம் வாங்கியிருந்தால் 120.

அதைவிட முக்கியமானது உச்சவரம்பு. ஒரு வருடத்தில் வீட்டின் மொத்த வருமானத்தில் 2 வீதத்துக்கு மேல் இந்தக் காசு கட்டத் தேவையில்லை, நாட்பட்ட வருத்தக்காரருக்கு 1 வீதம். சீனி வருத்தத்துக்கு ஒரு வருடமாகக் காலாண்டுக்கு ஒரு தரம் டொக்டரிடம் போகிற, தொடர்ச்சியான வைத்தியம் தேவை என்று டொக்டர் உறுதிப்படுத்துகிற ஆளுக்கு 1 வீதம் கிடைக்கும். அதற்கு டொக்டர் நிரப்பும் படிவத்தின் பெயர் 'முஸ்டர் 55'. அம்மாவுக்கு விதவைப் பென்சனோடு சேர்த்து மாதம் 1,100 யூரோ. வருடம் 13,200. ஒரு வீதம் 132. கட்டியது 210. சமூக உதவிப் பணம் எடுப்பவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே: 563 யூரோ அடிப்படைத் தொகையை வைத்துக் கணக்குப் பார்த்தால் நாட்பட்ட வருத்தக்காரருக்கு வருடம் 67.56. ஆஸ்பத்திரியில் நாளுக்குக் கட்டும் 10 யூரோவும் இதே கணக்கில் சேரும். கிராங்கன்காஸ தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் என்று இருக்க வேண்டாம், 'பெஃப்றையுங்' என்று கேட்டு விண்ணப்பம் எடுக்க வேண்டும். முந்தின வருடங்களுக்கும் நாலு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

கேட்டோம். போன வருடத்துக்கு 78 யூரோ திரும்பி வந்தது. இந்த வருடத்துக்குத் தையிலேயே 132ஐக் கட்டி, விலக்கு அட்டை எடுத்தாச்சு. கால் வீக்கம் இறங்கி, அம்மா பழையபடி செருப்பைப் போடுகிறா. டொக்டரிடம் பையைக் கொண்டு போனபோது அவ ஒவ்வொரு பெட்டியையும் கையில் எடுத்துப் பார்த்து, ஆறில் ஒன்றை, ஹம்மில் ஏதோ வயிற்றெரிவுக்கு ஆரம்பித்து நிற்பாட்ட மறந்ததை, மெல்ல மெல்லக் குறைத்து நிற்பாட்டச் சொன்னா. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. டொக்டரிடம் போய் ஒரு மருந்து குறைந்து வருவது அவவுக்குப் புது அனுபவம்.

2025இல் இருந்து மின்னணு நோயாளர் கோவை வந்திருக்கிறது. டொக்டர்கள் எழுதும் மின்னணு றெசெப்ட் எல்லாம் அதில் பட்டியலாக விழும். ஹம் டொக்டரும் ஹாலே டொக்டரும் ஒரே மருந்தை எழுதினால் இனித் தெரியவரும். கொழும்பு மட்டை அதில் விழாது.

அதனால் சித்திக்குப் போன் எடுத்து, இனிக் குளிசை ஒன்றும் அனுப்ப வேண்டாம், அக்காவுக்கு இங்கே எல்லாம் கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினேன். "ஓம் பிள்ளை, விளங்குது" என்றா. போன கிழமை கொழும்பில் இருந்து பார்சல் வந்தது. ஒடியல் மாவுக்கும் மோர்மிளகாய்க்கும் நடுவில் இரண்டு மட்டை.